பரம்பிக்குளம் போய்வர: நல்லூரிலிருந்து ஒரு நாள் கணக்கு

திருப்பூர் நல்லூரிலிருந்து பரம்பிக்குளத்தின் வாசலான ஆனப்பாடிக்கு ஏறத்தாழ 105 கிலோமீட்டர். பல்லடம் வழியாகப் பொள்ளாச்சி வரை சுமார் 65. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடைக்கு 25. சேத்துமடையில் மலையேறத் தொடங்கினால் டாப்சிலிப் வரை 13. டாப்சிலிப்பைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் போனால் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கிவிடுகிறது. ஆனப்பாடி சோதனைச்சாவடியில் நம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கேரள வனத்துறையின் வண்டியில் ஏற வேண்டும். கூடவே ஒரு வழிகாட்டி வருவார். காட்டுக்குள் போய்த் திரும்ப 54 கிலோமீட்டர் அளவில் ஓடும்; மூன்றரை மணி நேரம் பிடிக்கும். ஆக, காலையில் கிளம்பி மாலை வீடு திரும்புவதற்குள் 264 கிலோமீட்டர். அதில் காட்டைப் பார்ப்பதற்கென்றே ஓடுவது ஐந்தில் ஒரு பங்கு.

மிச்ச நான்கு பங்கு வீண் அலைச்சல் அல்ல என்பதைக் காட்டத்தான் இந்தக் கணக்கு.

பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் பேருந்து போகும் சாலை தமிழ்நாட்டின் ஆனைமலை புலிகள் காப்பகத்தின் ஊடாகத்தான் போகிறது. பாலக்காட்டிலிருந்து வரும் மலையாளிகளும் பொள்ளாச்சிக்கு வந்து, சேத்துமடையில் ஏறி, நூறு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவாகச் சுற்றித் தங்கள் மாநிலத்துக்குள் மறுபடி நுழைகிறார்கள். பரம்பிக்குளத்தில் குடியிருக்கும் பழங்குடி மக்களுக்கும் சொந்த மாவட்டத் தலைநகருக்குப் போக இதே வழிதான். பரம்பிக்குளம் பக்கத்துத் தேக்கடியிலிருந்து (இடுக்கியின் தேக்கடி அல்ல) கேரள அடிவாரத்துச் செம்மணாம்பதிக்கு ஒரு காட்டுப்பாதை வேண்டுமென்று அவர்கள் நெடுங்காலமாகக் கேட்டுப் போராடியதற்குக் காரணம் இந்தச் சுற்றுத்தான். நமக்கு ஒரு நாள் உல்லாசமாக இருக்கும் தூரம் அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் போகும் தூரம். சோதனைச்சாவடியில் வரிசை நீளும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி ரூபாய்க் கணக்கு. பன்னிரண்டு பேர் சேர்ந்து வேன் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று பேசினால் 210 கிலோமீட்டருக்கு 5,250. டிரைவர் பேட்டா 750. மொத்தம் 6,000, தலைக்கு 500. நால்வர் சொந்தக் காரில் போனால் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கணக்கில் 14 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 102 ரூபாய் என்று போட்டாலும் 1,428 ரூபாய், தலைக்கு 357. மலைச்சாலையில் வண்டி கூடுதலாகக் குடிக்கும். 400 என்றே எழுதிக்கொள்ளலாம். மலைமேல் இருசக்கர வண்டிக்கு அனுமதி இல்லை என்பதால் பைக்கில் போய்விடலாம் என்று யாரும் திட்டம் போட வேண்டாம். மிகக் குறைந்த செலவில் போக நினைப்பவர்களுக்குப் பொள்ளாச்சியிலிருந்து பரம்பிக்குளத்துக்கு அரசுப் பேருந்து இருக்கிறது. ஆனால் பேருந்தின் நேரமும் சஃபாரி நேரமும் ஒத்துப்போக வேண்டும் என்பதால், ஒரே நாளில் திரும்ப வேண்டியவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

காலைச் சாப்பாடு பொள்ளாச்சியில், மதியம் பரம்பிக்குளத்தில் மட்டை அரிசிச் சோறு, இடையில் இரண்டு டீ. இதற்கு 250 ஒதுக்கலாம். அடுத்தது காட்டுக் கட்டணம். சேத்துமடையில் தமிழ்நாடு வனத்துறைக்கு ஒரு சீட்டு, ஆனப்பாடியில் கேரள வனத்துறைக்கு இன்னொன்று. ஒரே காடு, இரண்டு வாசல். அவ்வப்போது கட்டணம் மாறுவதால், நுழைவும் சஃபாரியும் சேர்த்துத் தலைக்கு 500 எடுத்து வைத்துக்கொண்டால் கை கடிக்காது. வேனில் போகிறவருக்கு ஆக மொத்தம் 1,250 ரூபாய்.

இதில் எந்த இடத்தில் சிக்கனம் பிடிக்கலாம் என்று கேட்டால், வண்டியிலும் சாப்பாட்டிலும் பிடியுங்கள். அந்த 500-இல் கை வைக்காதீர்கள். வழிகாட்டிகளாகவும் டிரைவர்களாகவும் இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் காட்டிலேயே பிறந்த காடர், மலசர், மலமலசர், முதுவர் சமூகத்தவர். சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் வழியாக அவர்களுக்கு இந்த வேலை கிடைக்கிறது. மரம் வெட்டுவதும் காட்டுப்பொருள் சேகரிப்பதும் நின்றுபோன இடத்தில் அவர்களுக்கு வந்த சம்பளம் இது. சாலையோரத்தில் நமக்கு வெறும் புதராகத் தெரியும் இடத்தில், "அதோ, மூணாவது தேக்குக்குப் பின்னால்" என்று அவர்கள் மெதுவாகச் சொல்லும்போதுதான் அங்கே ஒரு காட்டுமாடு நிற்பதே கண்ணுக்குப் புலப்படும். நம் மொழி அவர்களுக்குத் தெரியும். கேட்டால் தமிழிலேயே சொல்வார்கள். கேட்கத் தெரிந்தவருக்கு அந்த மூன்றரை மணி நேரம் இரண்டு மடங்காகும்.

நேரக் கணக்கு திருப்பூர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். விடியற்காலை நாலரைக்கு நல்லூரை விட்டால், சேத்துமடையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்து எட்டு மணிக்குள் ஆனப்பாடி. போக மூன்றேகால் மணி நேரம், வர மூன்றேகால், காட்டில் மூன்றரை, சாப்பாட்டுக்கும் காத்திருப்புக்கும் இரண்டு. கூட்டினால் பன்னிரண்டு மணி நேரம். பனியன் கம்பெனிக் கணக்கில் சரியாக ஒன்றரை ஷிப்டு. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு ஞாயிறு போனால் கூலி இழப்பு இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருவார்கள். சஃபாரி வண்டிக்குக் காத்திருப்பு நீளும். கம்பெனியில் ஆர்டர் மந்தமாக இருக்கும் ஒரு வார நாளில் லீவு எடுக்க முடிந்தவர்கள் அப்படிப் போவதே மேல். கோடையில் காட்டுத்தீ பயத்தால் சில சமயம் வாசலை மூடிவிடுவார்கள். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகான மாதங்கள்தான் என் கணக்கில் நல்ல காலம்: அணையில் தண்ணீர் இருக்கும், புல் பச்சையாக இருக்கும், மாடும் மானும் சாலைக்கு அருகில் மேயும்.

காட்டின் அளவு இது. பரம்பிக்குளம் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது 2010-இல். பரப்பு 643.66 சதுர கிலோமீட்டர். அதில் உள்வட்டம் 390.89. இந்தப் பக்கம் அதை ஒட்டிக் கிடக்கும் ஆனைமலை புலிகள் காப்பகம் 1,479.87 சதுர கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 2,123. நமக்கு ஆனப்பாடியில் ஒரு கம்பு குறுக்கே நிற்கிறது. யானைக்கு அது கிடையாது. 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 306 புலிகள், கேரளத்தில் 213 என்று பிரித்து எண்ணினார்கள். இந்த மலையில் உலவும் புலி இரண்டு கணக்கிலும் கால் வைத்துத்தான் நடக்கிறது.

ஆனாலும் புலியைப் பார்க்கத்தான் போகிறேன் என்று கிளம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். மூன்றரை மணி நேரத்தில், பகல் வெளிச்சத்தில், தார்ச்சாலையை விட்டு இறங்காமல் புலி கண்ணில் படுவது அபூர்வம். புள்ளிமான் கூட்டம், கடமான், காட்டுமாடு, காட்டுப்பன்றி, மயில், மரத்துக்கு மரம் தாவும் கருமந்தியும் மலை அணிலும் பெரும்பாலும் தவறாமல் கிடைக்கும். யானை பாதிக்குப் பாதி. அணையின் சேற்றுக்கரையில் வெயில் காயும் முதலையையும் வழிகாட்டி காட்டிக்கொடுப்பார்.

நிச்சயமாகக் கிடைப்பது ஒரு மரம். துணக்கடவுக்கு அருகில் நிற்கும் கன்னிமாரா தேக்கு, 48.5 மீட்டர் உயரம்; பதினைந்து மாடிக் கட்டடம் அளவு. அடிமரத்தின் சுற்றளவு ஆறரை மீட்டருக்கு மேல். நான்கைந்து பேர் கைகோத்தால்தான் சுற்றிப் பிடிக்க முடியும். வயது 450 ஆண்டுகளுக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 1994-95-இல் மத்திய அரசின் மகாவிருட்ச விருது இதற்குக் கிடைத்தது. இதை வெட்டப் போனபோது ரத்தம் வந்ததாகவும், அதனால் கும்பிட்டு விட்டுவிட்டதாகவும் காடர்கள் சொல்லும் கதை உண்டு. கதை எப்படியோ, இந்த ஒன்று நிற்கிறது. இதன் வயதை ஒத்தவை பெரும்பாலும் போய்விட்டன. போன வழியும் தெரியும். 1907-இல் கொச்சி சமஸ்தானம் சாலக்குடியிலிருந்து இந்தக் காட்டுக்குள் ஒரு டிராம்வே போட்டது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளம். அரை நூற்றாண்டுக்கு மேல் மலைச்சரிவில் மரம் இறக்கிய பிறகு 1963-இல் அதை மூடினார்கள். 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்த சலீம் அலி தங்கிய இடங்களில் ஒன்றான குரியார்குட்டியும் அந்த டிராம் பாதையில்தான் இருந்தது. இந்தப் பக்கம் டாப்சிலிப்பில், வெட்டி வெறுமையாக்கிய தேக்குக்காட்டை மறுபடி எழுப்பியவர் ஹ்யூகோ உட் என்ற வன அதிகாரி. 1933-இல் இறந்த அவருடைய கல்லறை அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. டாப்சிலிப்பில் பத்து நிமிடம் கிடைத்தால் அங்கே போய் நின்றுவிட்டு வாருங்கள்.

இதுவரை சொன்னது பயணக் கணக்கு. நல்லூர்க்காரர் ஒருவர் பரம்பிக்குளத்துக்கு ஏன் போக வேண்டும் என்பதற்குப் பதில் தண்ணீர்க் கணக்கில் இருக்கிறது.

சஃபாரி வண்டி பெருவாரிப்பள்ளம், துணக்கடவு, பரம்பிக்குளம் என்று மூன்று அணைகளைக் காட்டும். மூன்றும் கேரள மண்ணில் இருக்கின்றன. மூன்றையும் கட்டியதும் இன்றுவரை இயக்கிப் பராமரிப்பதும் தமிழ்நாடு. 1961 அக்டோபர் 7 அன்று பிரதமர் நேரு தொடங்கிவைத்த பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் மையம் இது. முதலமைச்சர் காமராஜர், அமைச்சர் சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சி வி. கே. பழனிச்சாமிக் கவுண்டர், நா. மகாலிங்கம் ஆகியோரின் பெயர்களைக் கொங்கு விவசாயிகள் இன்றும் நன்றியோடு சொல்வது இதற்காகத்தான். பிஏபி என்று நாம் சுருக்கிச் சொல்லும் வாய்க்காலின் தலை அந்தக் காட்டுக்குள் இருக்கிறது.

தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். வால்பாறை மலையில் பெய்யும் மழை நீராறு, சோலையாறு வழியாகத் திரண்டு சுரங்கத்தில் புகுந்து பரம்பிக்குளத்துக்கு வருகிறது. அதாவது தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு எல்லை தாண்டுகிறது. பரம்பிக்குளத்திலிருந்து துணக்கடவு, துணக்கடவிலிருந்து மறுபடி சுரங்கம், மலைக்கு இந்தப் பக்கம் சர்க்கார்பதியில் 30 மெகாவாட் மின்சாரம் தந்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குள் வெளிப்படுகிறது. அங்கிருந்து மலையடிவாரத்தை அணைத்தபடி காண்டூர் கால்வாயில் 49 கிலோமீட்டர் ஓடித் திருமூர்த்தி அணை. அதற்குப் பிறகு உடுமலை, பல்லடம், பொங்கலூர் பக்கங்களுக்குப் பிரிந்து, கடைசியில் காங்கயம், வெள்ளகோவில். நல்லூரிலிருந்து காங்கயம் ரோட்டில் கிழக்கே போனால் நாம் சந்திப்பது இந்த வாய்க்காலின் கடைமடைப் பக்கத்தை. பல்லடம் ரோட்டில் தென்மேற்கே இறங்கி மலையேறினால் சந்திப்பது அதன் தலையை. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டருக்குப் பக்கமாக மட்டுமே மழை காணும் ஒரு மாவட்டத்துக்கு, அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் மழை கொட்டும் மலையிலிருந்து வரும் வழி இது.

அளவுகள்: பரம்பிக்குளம் அணையின் முழு நீர்மட்டம் 72 அடி, கொள்ளளவு 17.82 டிஎம்சி. திட்டத்தில் இருக்கும் மற்ற எந்த அணையும் இதற்குப் பக்கத்தில் வராது: சோலையாறு 5.39, ஆழியாறு 3.86, திருமூர்த்தி 1.93. துணக்கடவும் பெருவாரிப்பள்ளமும் தலா அரை டிஎம்சியைச் சற்றே தாண்டும் அளவுதான். திருமூர்த்தி வழியாகப் பாசனம் பெறும் நிலம் 3.77 லட்சம் ஏக்கர். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விடத் தண்ணீர் போதாது என்பதால் நான்கு மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மண்டலம் ஏறத்தாழ 94,000 ஏக்கர். ஒருமுறை தண்ணீர் வந்த மண்டலத்துக்கு மறுமுறை வருவதற்கு இரண்டு வருடம் ஆகிறது. காங்கயம், வெள்ளகோவில் விவசாயிகள் உரிய அளவு வரவில்லை என்று மறியலிலும் உண்ணாவிரதத்திலும் உட்காரும் செய்தியைப் படிக்கும்போது, அவர்கள் இரண்டு வருடம் காத்திருந்து வாங்கும் பங்கைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

டிஎம்சி என்ற சொல்லைப் பேப்பரில் தினமும் பார்க்கிறோம். அளவு மனதில் நிற்பதில்லை. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. லிட்டரில் சொன்னால் 2,831 கோடி. 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அடித்தால் 23 லட்சத்து 60 ஆயிரம் நடை. திருப்பூருக்குப் பவானி ஆற்றிலிருந்து குழாயில் கொண்டுவரும் பெரிய குடிநீர்த் திட்டம் ஒன்றின் திறன் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர். ஒரு டிஎம்சி அந்தத் திட்டத்தின் 153 நாள் தண்ணீர், ஐந்து மாதம். அதே ஒரு டிஎம்சியை ஒரு மண்டலத்தின் 94,000 ஏக்கரிலும் பரப்பினால் நிற்பது மூன்று அங்குலம்கூட இல்லை. நகரத்துக்கு ஐந்து மாதம், வயலுக்கு மூன்று அங்குலம். பாசனம் எத்தனை பெரிய வாய், அதைக் குறைவாக விட்டால் எவ்வளவு வலிக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கை நான் பார்த்ததில்லை.

இந்தப் பின்னணியில் 2022 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். 21-ஆம் தேதி அதிகாலை, பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் நடு மதகின் ஷட்டர் பிய்த்துக்கொண்டு போனது. அணை நிறைந்து நின்ற நேரம். விநாடிக்கு 20,000 கன அடி அளவில் தண்ணீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. அந்த வேகத்தில் ஒரு நாளைக்கு 1.73 டிஎம்சி. நீர்மட்டம் ஷட்டரின் அடிவரை இறங்கும்வரை நிறுத்த வழியில்லை. போனது ஏறத்தாழ 6 டிஎம்சி. மண்டலக் கணக்கில் 94,000 ஏக்கரிலும் ஒன்றரை அடி உயரம். திருப்பூர் குடிநீர்க் கணக்கில் 918 நாள், இரண்டரை வருடம். சஃபாரி வண்டி அணையருகே நிற்கும்போது அந்த மதகுகளைப் பார்க்கலாம். சாதாரண இரும்பும் சங்கிலியும்தான். பராமரிப்புக்கு ஒதுக்கும் பணத்தை வெட்டிச் செலவாக நினைக்கும் யாரையும் அங்கே கூட்டிப்போய் நிறுத்த வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கத்துக் கணக்கையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. பரம்பிக்குளம் ஆறு இயல்பாக ஓடினால் சாலக்குடி ஆற்றில் சேர வேண்டியது. அதிரப்பள்ளி அருவி அந்த ஆற்றில்தான் விழுகிறது. இரு மாநிலங்களும் 1970 மே 29 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 1958 நவம்பர் 9 முதல் அது செல்லும் என்று ஒத்துக்கொண்டன. பரம்பிக்குளம் தொகுப்பிலிருந்து தமிழ்நாடு 16.5 டிஎம்சி வரை எடுக்கலாம். கேரளத்துக்கு மணக்கடவில் ஆழியாற்றுத் தண்ணீர் 7.25 டிஎம்சியும், சோலையாற்றில் 12.3 டிஎம்சியும் தர வேண்டும். 30 ஆண்டுக்கு ஒருமுறை மறுபார்வை என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. முதல் தவணை 1988-இலேயே வந்துபோனது. பேச்சு நடக்கிறது, நிற்கிறது, மறுபடி நடக்கிறது. நம் பக்கம் கடைமடைக்கு வரவில்லை என்று மறியல். பாலக்காட்டுச் சித்தூரில் மணக்கடவுக்கு வரவில்லை என்று மறியல். அங்கேயும் விவசாயி, இங்கேயும் விவசாயி. எல்லை தாண்டி அந்த அணைக்கரையில் ஒருமுறை நின்றவர், 'அவன் தண்ணீர் தரமாட்டேன் என்கிறான்' என்று ஒற்றை வரியில் பேச மாட்டார் என்று நம்புகிறேன்.

நல்லூருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நொய்யல் நம் பக்கத்தில் ஓடுகிறது. 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குக் கட்டியது, சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியதை நாம் பார்த்தோம். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே வேலையற்று நின்றதையும் பார்த்தோம். தண்ணீரைக் கெடுத்தால் என்ன விலை என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆனால் கெடாத தண்ணீர் எப்படி இருக்கும் என்பதைப் பார்க்காத ஒரு தலைமுறை இங்கே வளர்ந்துவிட்டது. நொய்யலில் குளித்ததாகத் தாத்தா பாட்டி சொல்வதைக் கதையாகக் கேட்கும் பிள்ளைகள் அவர்கள். துணக்கடவு அணையின் ஓரத்தில், மலையின் நிழல் முழுசாக விழும் அளவுக்குத் தெளிந்து கிடக்கும் நீரை அவர்கள் பார்க்க வேண்டும். அது அவர்கள் மாவட்டத்துக்கே வருகிற தண்ணீர்.

ஆகவே ஒரு வேண்டுகோள். திருப்பூர் மாவட்டத்துப் பள்ளிகள் சுற்றுலா என்றதும் தீம் பார்க்குக்குத்தான் பேருந்து பேசுகின்றன. வருடத்துக்கு ஒரு வகுப்பையாவது பரம்பிக்குளத்துக்குக் கூட்டிப்போகட்டும். முக்கியமாகக் காங்கயம், வெள்ளகோவில் கடைமடைக் கிராமங்களின் பிள்ளைகளை. 48 மாணவர்களுக்கு ஒரு பேருந்து; கிலோமீட்டருக்கு 50 ரூபாய் போட்டால் நல்லூரிலிருந்து போய்வர 10,500, பேட்டாவோடு 12,000. தலைக்கு 250. சாப்பாடு 150. காட்டுக் கட்டணத்துக்குப் பெரியவர்களுக்கு எடுத்துவைத்த அதே 500-ஐ வைத்தாலும் ஒரு பிள்ளைக்கு 900 ரூபாய். முன்கூட்டியே ஆனப்பாடியில் பேசி வைத்தால் வண்டியும் வழிகாட்டியும் கிடைப்பதில் சிரமம் இருக்காது. ஒரு வகுப்புக்கு 43,200 ரூபாய். இந்த ஊரில் ஒரு பனியன் கம்பெனி மனசு வைத்தால் முடிகிற தொகை இது. கம்பெனி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், வரும் மழைக்காலம் முடிந்ததும் உங்கள் தெருவில் இருக்கும் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள்.